போனை எடுக்க வெளியாள்: சிறு தொழிலுக்கு ஆன்சரிங் சர்வீஸ் அமைப்பது எப்படி?

தனியாளாகவோ இரண்டு மூன்று பேராகவோ தொழில் நடத்துகிறவர்களுக்குத் தீராத சங்கடம் ஒன்று உண்டு. கையில் வேலை இருக்கும்போது போனை எடுக்க முடியாது. போனை எடுத்துக்கொண்டே இருந்தால் வேலை நகராது. பழைய வாடிக்கையாளர் என்றால் மறுபடி கூப்பிடுவார். முதல்முறை கூப்பிடுகிறவர் அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார். வாய்ஸ்மெயிலில் பேசி வைக்கும் பொறுமை பலருக்கு இல்லை.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் ஆன்சரிங் சர்வீஸ். வெளி நிறுவனம் ஒன்றின் ஊழியர் உங்கள் கடைப் பெயரைச் சொல்லிப் போனை எடுப்பார், விவரம் கேட்பார், குறித்து உங்களுக்கு அனுப்புவார். அவசரம் என்றால் உங்களையே கூப்பிடுவார். பணம் கட்டிச் சேர்ந்தவுடன் எல்லாம் தானாக நடக்கும் என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தச் சேவை எவ்வளவு நன்றாக நடக்கும் என்பதை, நீங்கள் எழுதிக் கொடுக்கும் குறிப்புத்தாள்தான் தீர்மானிக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது மூன்றாவது வேலையாகத்தான் வரும்.

உள்ளே என்ன நடக்கிறது

நீங்கள் சேர்ந்ததும் உங்களுக்கென்று தனியாக ஓர் எண் ஒதுக்குவார்கள். உங்கள் கடை எண்ணுக்கு வரும் அழைப்பை அந்த எண்ணுக்குத் திருப்பிவிடுவீர்கள். எந்த எண் வழியாக அழைப்பு வந்தது என்பதை வைத்து, ஊழியரின் திரையில் உங்கள் கடைப் பெயர், சொல்ல வேண்டிய வணக்கம், கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் வந்து நிற்கும். ஒரு நிமிடம் முன்பு பல் மருத்துவமனைக்காகப் பேசியவர், இப்போது உங்கள் ஏசி பழுதுக் கடைக்காகப் பேசுவார்.

பலருக்கு ஒரே ஊழியர் குழு போதுமானதாக இருப்பதன் பின்னால் கணக்கு இருக்கிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ. கே. எர்லாங் என்பவர் 1909-லும் 1917-லும் வெளியிட்ட கட்டுரைகளில், ஒழுங்கில்லாமல் வந்து விழும் அழைப்புகளுக்கு எத்தனை இணைப்புகள் வேண்டும் என்று கணக்கிடும் வழியைக் காட்டினார். கால் சென்டர்கள் ஆள் எண்ணிக்கையைத் தீர்மானிக்க இன்றும் அவர் பெயரிலான சூத்திரங்களைப் பயன்படுத்துகின்றன. பத்துக் கடைகள் ஆளுக்கொருவரை வைத்தால் பத்துப் பேரும் பெரும்பாலான நேரம் சும்மா இருப்பார்கள். பத்துக் கடை அழைப்புகளையும் ஒரே இடத்தில் சேர்த்தால் அதைவிடக் குறைவான ஆட்களே போதும். கட்டணம் கட்டுப்படியாவது இதனால்தான். இதன் மறுபக்கம், எடுக்கிறவருக்கு உங்கள் தொழில் தெரியாது. திரையில் இருப்பது மட்டுமே தெரியும்.

முதல் வேலை: வரும் அழைப்புகளைக் கவனியுங்கள்

இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறியுங்கள். எப்போது வந்தது, யார், எதற்கு, எவ்வளவு நேரம் பேசினீர்கள், எடுக்க முடிந்ததா. நேரமும் எண்ணும் போனிலேயே பதிவாகிவிடும். காரணத்தை மட்டும் கையால் எழுதினால் போதும். புதிய விசாரணை, நடக்கும் வேலையைப் பற்றிய கேள்வி, அவசரம், சரக்கு கொடுப்பவர், விற்பனை அழைப்பு, தவறான எண் என்று பிரித்தாலே படம் தெளிவாகிவிடும்.

இரவிலும் விடுமுறையிலும் மட்டும் தவறுகிறது என்றால், கடை நேரத்துக்குப் பிந்தைய சேவை போதும். பகலில் நீங்கள் வேறு அழைப்பில் இருக்கும்போது தவறுகிறது என்றால், நீங்கள் எடுக்காதவை மட்டும் அவர்களுக்குப் போகும் ஏற்பாடு வேண்டும். எல்லா அழைப்பையும் முதலிலிருந்தே அவர்களிடம் கொடுப்பது மூன்றாவது வழி. சிறு தொழிலுக்கு நான் இதை எளிதில் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் குரலைக் கேட்கவே கூப்பிடும் பழைய வாடிக்கையாளர்கள் அந்நியக் குரலைக் கேட்டுத் தயங்குவார்கள்.

நாளுக்கு ஓரிரு அழைப்புதான் தவறுகிறது, கூப்பிடுகிறவர்கள் செய்தி அனுப்பவும் தயங்காதவர்கள் என்றால் இந்தச் சேவையே வேண்டியதில்லை. தவறிய அழைப்புக்குத் தானாகக் குறுஞ்செய்தி போகும்படி அமைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். செயற்கை நுண்ணறிவுக் குரலை வைத்துப் பதில் சொல்லும் சேவைகளும் இப்போது உண்டு. கடை நேரம், முகவரி, சந்திப்பு நேரம் பதிவது போன்றவற்றுக்கு அவை பரவாயில்லை. பதற்றத்திலோ துக்கத்திலோ கூப்பிடுகிறவர்கள் அதிகம் வரும் தொழிலென்றால் மனிதரையே வையுங்கள்.

இரண்டாவது: குறிப்புத்தாள்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். குழாய் பழுது பார்க்கும் தொழிலை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். உங்கள் தொழிலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வணக்கம் சுருக்கமாக இருக்கட்டும். கடைப் பெயரோடு, "சொல்லுங்க, என்ன உதவி வேணும்?" போதும். விளம்பர வாசகத்தை அதில் திணித்தால் ஊழியர் வேகமாக ஒப்பிப்பார், கேட்கிறவருக்குப் பெயர்கூடப் புரியாது.

அடுத்து கேள்விகள், வரிசையோடு. முதலில் பிரச்சினையைச் சொல்ல விட வேண்டும், பிறகுதான் பெயரும் எண்ணும். தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும்போது "உங்க பெயரோட எழுத்துக்களைச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் யாருக்கும் கோபம் வரும். எண்ணை ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். "இப்ப கூப்பிடுற இதே எண்ணுக்குத் திரும்பக் கூப்பிடலாமா?" என்ற கேள்வியையும் சேருங்கள். அலுவலகப் பொது எண்ணிலிருந்தும் பக்கத்து வீட்டுப் போனிலிருந்தும் கூப்பிடுகிறவர்கள் உண்டு.

நல்ல குறிப்புக்கும் மோசமான குறிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். "செல்வி கூப்பிட்டார். தண்ணீர் பிரச்சினை. திரும்பக் கூப்பிடவும்." இதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. இன்னொன்று: "செல்வி, இரண்டாவது மாடி. சமையலறைத் தொட்டிக்குக் கீழே கசிவு. வால்வை மூடிவிட்டார், இப்போது சொட்டவில்லை. நாளை காலை வந்தால் போதும் என்கிறார். இன்று மாலை 6 மணிக்கு மேல் பேசலாம்." இரண்டாவதைப் படித்தவுடன் எந்தச் சாமானை எடுத்துவைக்க வேண்டும் என்பதுவரை தெரிந்துவிடுகிறது. ஊழியர் கெட்டிக்காரர் என்பதால் இப்படி வரவில்லை; மாடி, இடம், வால்வு, எப்போது பேசலாம் என்ற நான்கு கட்டங்களும் படிவத்திலேயே இருந்ததால் வந்தது.

அவசரம் எது என்பதை நீங்கள்தான் வரையறுக்க வேண்டும். "அவசரம் என்றால் என்னைக் கூப்பிடுங்கள்" என்று எழுதினால் இரவெல்லாம் போன் அடிக்கும், ஏனென்றால் கூப்பிடுகிற எல்லாருக்கும் அவரவர் விஷயம் அவசரம்தான். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளாக மாற்றுங்கள். தண்ணீர் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறதா? வால்வை மூட முடியவில்லையா? சுவிட்ச், மின்பலகைப் பக்கம் தண்ணீர் போகிறதா? முதல் இரண்டுக்கும் ஆம் என்றாலோ, மூன்றாவதற்கு மட்டும் ஆம் என்றாலோ உடனே அழைப்பு. மற்றவை காலையில். தீ, எரிவாயு வாசனை, உயிர் ஆபத்து என்றால் ஊழியர் விவரம் கேட்டுக்கொண்டிருக்கவே கூடாது. அவசர உதவி எண்ணை முதலில் கூப்பிடச் சொல்ல வேண்டும் என்பதைத் தாளின் தலைப்பிலேயே எழுதுங்கள்.

உடனே அழைப்பு என்றால் யாருக்கு? முதலில் உங்களுக்கு, எடுக்காவிட்டால் ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை, பிறகு உதவியாளருக்கு. அவரும் எடுக்காவிட்டால் வாடிக்கையாளரிடம் என்ன சொல்வது? இந்தக் கடைசி வரியை எழுத மறந்துவிடுகிறார்கள். அது இல்லாதபோது ஊழியர் தானாக ஏதாவது ஆறுதல் சொல்வார், அது வாக்குறுதியாகிவிடும்.

வாக்குறுதி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நல்ல மனதுள்ள ஊழியர்தான் இதில் அதிகம் மாட்டுவார். எதிர்முனையில் கெஞ்சும்போது "இன்னிக்கே வந்துடுவாங்க" என்று வாயில் வந்துவிடும். "நேரம் சொல்லாதீர்கள், விலை சொல்லாதீர்கள்" என்று தடை மட்டும் எழுதினால் பயன் குறைவு. அதற்குப் பதிலாகச் சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் கொடுங்கள்: "நேரத்தை அவங்களே உங்களைக் கூப்பிட்டு உறுதி பண்ணுவாங்க." விலைக்கும் இப்படி ஒன்று: "பார்த்துட்டுதான் சரியா சொல்ல முடியும், வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தொகையைச் சொல்லிடுவாங்க."

"நீங்க அங்கதான் வேலை பார்க்கிறீங்களா?" என்று கேட்பவர்களும் உண்டு. பொய் சொல்ல வைக்காதீர்கள். "அவங்களுக்கு வர்ற அழைப்பை எடுத்துக் குறிச்சு வைக்கிறது என் வேலை" என்றால் யாரும் தவறாக நினைப்பதில்லை.

அடிக்கடி வரும் கேள்விகளுக்கு எட்டு பத்துப் பதில்கள் போதும். முழுத்தாளும் திரையில் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும், ஏனென்றால் ஊழியர் பேசிக்கொண்டே படிக்கிறார். ஊர்ப் பெயர், தெருப் பெயர், தொழில் சொற்கள் எப்படி உச்சரிக்கப்படும் என்பதை ஓரத்தில் எழுதிக் கொடுங்கள்.

மூன்றாவது: நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது

தாள் கையில் இருந்தால் பேச்சு எளிது. "இதைச் செய்வீர்களா?" என்று நீட்டலாம். எத்தனை நொடிக்குள் எடுக்கிறார்கள், எத்தனை பேர் காத்திருந்து வைத்துவிடுகிறார்கள் என்று கேளுங்கள். 80 சதவீத அழைப்புகளை 20 நொடிக்குள் எடுப்பது என்பது கால் சென்டர் துறையில் பழகிப்போன ஓர் இலக்கு. சராசரியை மட்டும் சொன்னால் ஏற்காதீர்கள். நெரிசல் நேரக் கணக்கைக் கேளுங்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் பேசும் மொழிகளில் இரவு நேரத்திலும் ஆள் உண்டா என்பதையும் கேட்க வேண்டும். பகலில் மட்டும் இருந்தால் இரவுச் சேவை வாங்கிப் பயனில்லை.

பில்லில்தான் சூட்சுமம். நிமிடக் கணக்கில் கட்டணம் என்றால், எத்தனை நொடிக்கு ஒருமுறை மேல்நோக்கி முழுமையாக்குகிறார்கள் என்பது முக்கியம். உங்கள் அழைப்பு ஒவ்வொன்றும் 70 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 அழைப்புக்கு உண்மையில் பேசியது சுமார் 117 நிமிடம். 6 நொடி முறையில் ஒவ்வொன்றும் 72 நொடியாகும், மொத்தம் 120 நிமிடம். 30 நொடி முறையில் 90 நொடியாகி 150 நிமிடம். முழு நிமிட முறையில் ஒவ்வொன்றும் 2 நிமிடமாகி 200 நிமிடம். நிமிடத்துக்கான விலை குறைவாகத் தெரிகிற திட்டம் கடைசியில் அதிகமாக முடிவது இப்படித்தான்.

பேசி முடித்த பின் ஊழியர் தட்டச்சு செய்யும் நேரமும் கணக்கில் வருமா? தவறான எண், விற்பனை அழைப்பு, பேசாமல் வைக்கப்பட்டவை? உங்களுக்கு இணைத்துக்கொடுத்த பின் நீங்கள் பேசும் நேரம்? விடுமுறை நாள் கூடுதல் கட்டணம்? 28 நாளுக்கு ஒருமுறை பில் போடுகிறார்களா என்றும் பாருங்கள். அப்படியென்றால் வருடத்துக்கு 12 அல்ல, 13 பில். முதல் வேலையில் குறித்த நோட்டு இங்கே கைகொடுக்கும். உங்கள் சராசரி நேரத்தை வைத்து ஒவ்வொரு திட்டத்தையும் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

உங்கள் நேரடிப் போட்டியாளருக்கும் அவர்கள் போன் எடுக்கிறார்களா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். 1891-ல் தானியங்கித் தொலைபேசி இணைப்பகத்துக்குக் காப்புரிமை பெற்ற ஆல்மன் ஸ்ட்ரோஜர் அமெரிக்காவில் சவ அடக்க ஏற்பாட்டுத் தொழில் செய்தவர். தனக்கு வர வேண்டிய அழைப்புகளை இணைப்பகப் பெண்மணி போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகத்தில்தான் ஆளே இல்லாத இணைப்பகத்தை யோசித்தார் என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ, கேள்வி நியாயமானது.

நான்காவது: அழைப்பைத் திருப்புதல்

சேவை நிறுவனம் தரும் எண்ணை விசிட்டிங் கார்டிலோ பலகையிலோ போடாதீர்கள். உங்கள் எண்ணையே விளம்பரப்படுத்துங்கள், அதிலிருந்து திருப்புங்கள். நாளை நிறுவனத்தை மாற்றினாலும் எண் உங்களோடு இருக்கும்.

ஜிஎஸ்எம் வகை மொபைல் இணைப்புகளில் நான்கு விதமான திருப்புதல் உண்டு. 21 என்றால் எல்லா அழைப்பும் உடனே போகும். 61 என்றால் நீங்கள் எடுக்காதபோது. 62 என்றால் போன் அணைந்திருக்கும்போது அல்லது சிக்னல் இல்லாதபோது. 67 என்றால் நீங்கள் வேறு அழைப்பில் இருக்கும்போது. எடுக்காத அழைப்பைத் திருப்ப **61*எண்**20# என்று (‘எண்’ என்ற இடத்தில் சேவை நிறுவனம் தந்த எண்ணைப் போட்டு) அடித்தால், 20 நொடி மணி அடித்த பின் போகும். 5 முதல் 30 வரை ஐந்தைந்தாக மாற்றலாம். 61, 62, 67 மூன்றையும் சேர்த்து அமைக்க **004*எண்#. இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்க *#61#. எல்லாவற்றையும் நீக்க ##002#. குறியீடு வேலை செய்யாத இணைப்புகளும் உண்டு. அங்கே போனின் செட்டிங்ஸில் கால் ஃபார்வர்டிங் பகுதிக்குப் போங்கள், அல்லது இணைப்பு நிறுவனத்திடம் கேளுங்கள்.

இதே குறியீடுகளை வைத்து மோசடியும் நடக்கிறது. முன்பின் தெரியாதவர் போனில் "இதை அடியுங்கள்" என்றால் அடிக்கவே கூடாது. உங்கள் அழைப்புகள் அவருக்குப் போய்விடும், சரிபார்ப்பு எண்ணைச் சொல்லும் அழைப்புகள் உட்பட.

சில சிக்கல்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். 61-ஐ மட்டும் அமைத்துவிட்டு 67-ஐ மறந்தால், நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது வரும் அழைப்பு சேவைக்குப் போகாது. உங்களுக்கு அதிகம் தவறுவதே அவையாக இருக்கலாம். மொபைல் வாய்ஸ்மெயிலும் பொதுவாக இதே திருப்புதல் முறையில்தான் வேலை செய்கிறது. புதிய எண்ணை அமைத்தால் வாய்ஸ்மெயில் விலகும், நீக்கினால் அதைத் திரும்ப அமைக்க வேண்டியிருக்கும். திருப்பிய அழைப்புக்கான கட்டணம் பெரும்பாலும் உங்கள் கணக்கில்தான் விழும். கூப்பிட்டவருக்கு உங்களைக் கூப்பிட்ட செலவு மட்டும்தான்.

எல்லாவற்றையும்விடக் குழப்பமானது சுற்றிவரும் அழைப்பு. சேவை ஊழியர் அவசரத்துக்கு உங்கள் மொபைலைக் கூப்பிடுகிறார், நீங்கள் எடுக்கவில்லை, அந்த அழைப்பு திருப்பப்பட்டு மறுபடி அவர்களுடைய அலுவலகத்திலேயே போய் அடிக்கிறது. அதனால் அவசர அழைப்புக்குத் திருப்புதல் இல்லாத வேறொரு எண்ணைக் கொடுங்கள். இரண்டு சிம் போடும் போன் என்றால் இரண்டாவது சிம்மே போதும், திருப்புதல் சிம்முக்குச் சிம் தனித்தனி. ஆனால் முதல் சிம்மில் பேசிக்கொண்டிருக்கும்போது பல போன்களில் இரண்டாவதும் கிடைக்காது என்பதை மறக்க வேண்டாம்.

ஐந்தாவது: சோதனை

எண்ணை ஊருக்குத் திறந்துவிடுவதற்கு முன் நண்பர்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். ஒருவர் அவசரமாக, ஒருவர் விலை மட்டும் கேட்டு, ஒருவர் சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்திலிருந்து, ஒருவர் கோபமாக. போனை அணைத்து வைத்து ஒருமுறை, நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருமுறை. நள்ளிரவில் ஒருமுறை கூப்பிட்டுப் பார்ப்பது பகலில் பத்துமுறை கூப்பிடுவதைவிட மேல். குறிப்பு எவ்வளவு நேரத்தில் வந்தது, கேட்டவை எல்லாம் இருந்ததா என்று பாருங்கள். தவறு வந்தால் முதலில் தாளைத் திருத்துங்கள். ஊழியர் மேல் புகார் அதற்கு அப்புறம்.

தொடங்கிய பின்

குறிப்புகள் ஒரே இடத்துக்கு வரட்டும். குறுஞ்செய்தி, மின்னஞ்சல், ஆப் மூன்றிலும் வந்தால் மூன்றையும் பார்க்க மாட்டீர்கள். அவசரமானவை மட்டும் அழைப்பாகவே வர வேண்டும், நீங்கள் "சரி" என்று சொல்லும்வரை முடிந்ததாகக் கொள்ளக் கூடாது.

திரும்பக் கூப்பிடும் நேரத்தை முடிவு செய்து, அதை ஊழியர் சொல்லும்படி எழுதுங்கள். "சீக்கிரம் கூப்பிடுவாங்க" என்பதைவிட "மதியம் 1 மணிக்குள்ள கூப்பிடுவாங்க" நல்லது, ஆனால் 1 மணிக்குள் கூப்பிட முடிந்தால்தான். கூப்பிடும்போது விளம்பரப்படுத்திய எண்ணிலிருந்தே கூப்பிடுங்கள். தெரியாத எண் என்றால் எடுக்க மாட்டார்கள். ஏற்கெனவே சொன்னதை மறுபடி கேட்டுச் சலிப்பூட்ட வேண்டாம்: "சமையலறைத் தொட்டிக்குக் கீழே கசிவுன்னு சொல்லியிருந்தீங்க, வால்வு மூடியே இருக்கா?" என்று ஆரம்பித்தால், அந்நியர் எடுத்த அழைப்பு என்ற எண்ணமே அவருக்கு வராது.

விடுமுறை, விலை மாற்றம், வேறு ஊர்ப் பயணம் வரும்போதெல்லாம் தாளை மாற்ற வேண்டும். மாதம் ஒருமுறை பில்லையும் குறிப்புகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பில்லில் உள்ள அழைப்பு எண்ணிக்கை உங்களுக்கு வந்த குறிப்பைவிட நிறைய அதிகமென்றால், அந்த மீதிக்கு விளக்கம் கேளுங்கள்.

வாடிக்கையாளர் விவரம் வெளியாள் கையில் இருக்கிறது என்பதையும் கவனத்தில் வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையில் 28-வது பிரிவின்படி, உங்களுக்காகத் தரவைக் கையாளும் நிறுவனத்தோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும்; அமெரிக்காவில் மருத்துவத் துறைக்கு, நோயாளி விவரங்களைப் பாதுகாக்கும் ஹிப்பா சட்டமும் இதுபோன்ற ஒப்பந்தத்தைக் கேட்கிறது. அழைப்பைப் பதிவு செய்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். சட்டம் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவதே நல்லது. கார்டு எண்ணைப் போனில் வாங்கி எழுதிவைக்க விடாதீர்கள். கார்டின் பின்பக்கத்து மூன்று இலக்க எண்ணைப் பரிவர்த்தனைக்குப் பின் சேமித்து வைப்பதைக் கார்டுத் துறையின் பிசிஐ பாதுகாப்பு விதிகள் அனுமதிப்பதில்லை. பணம் கட்டும் இணைப்பை நீங்களே அனுப்புங்கள்.

விலக நேர்ந்தால்

சேரும்போதே, எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், எழுத்தில் சொல்ல வேண்டுமா, தானாகப் புதுப்பிக்கப்படுமா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். முதல் சில மாதங்களுக்காவது மாதாமாதம் கட்டும் திட்டமே நல்லது. வெளியேறும் வரிசையும் முக்கியம். முதலில் பழைய குறிப்புகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு மூடிய பின் அவை கிடைக்காமல் போகலாம். அடுத்து ##002# அடித்துத் திருப்புதலை நீக்குங்கள், *#61#, *#62#, *#67# மூன்றையும் அடித்து நீங்கிவிட்டதா என்று பாருங்கள். வேறொரு போனிலிருந்து கூப்பிட்டு, எடுக்காமல் விட்டு, அழைப்பு எங்கே போகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். கணக்கை மூடச் சொல்வது அதற்குப் பிறகுதான். வரிசை மாறினால், மூடிப்போன எண்ணுக்கு உங்கள் வாடிக்கையாளர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள், உங்கள் போனில் அதற்கு ஓர் அறிகுறியும் தெரியாமல் போகலாம்.